உலைக்களத்தின் நினைவுகள்: செபராங் பிறை வார்ப்படச் சாலையில் ஒரு தமிழ்க் குடும்பம்



மலேசியத் தமிழரின் உழைப்பு வரலாறு என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது ரப்பர்த் தோட்டம். லயம், பிரட்டு, கங்காணி, பால்மரம் ஆகியவை நம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் பாடநூல்களிலும் உறுதியாக இடம்பெற்றுவிட்டன. இரயில்வே, துறைமுகம், பொதுப்பணி ஆகியவற்றில் உழைத்தோரைப் பற்றியும் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. ஆனால் 1960களிலும் 1970களிலும் தோட்டத்தை விட்டு வெளியேறி, இரும்பையும் ஈயத்தையும் உருக்கும் ஆலைகளுக்குள் நுழைந்த தலைமுறையைப் பற்றி நம்மிடம் உள்ள எழுத்து மிகக் குறைவு. அந்தத் தலைமுறையினர் இன்று எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் தம் பேரப்பிள்ளைகளிடம் பேசி முடிப்பதற்குள் நாம் கேட்டுவிட வேண்டும் என்பதே இவ்வுரையின் அவசரம்.

என் தந்தையாரும் அத்தையாரும் அத்தையின் கணவரும் பட்டர்வொர்த் வட்டாரத்தில் ஒரே வார்ப்படச் சாலையில் வேலை செய்தவர்கள். அவ்வாலையின் பெயரை நான் இங்குக் குறிப்பிடவில்லை. அது சிறிய ஆலை. சீனக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமானது. இன்று அது இல்லை. அதுபோன்ற ஆலைகள் அக்காலத்தில் தீவக்கரையெங்கும் இருந்தன. ஒரு குடும்பத்தின் நினைவுகளை, எல்லாருக்கும் பொதுவான வரலாற்றோடு ஒட்டிவைத்துப் பார்ப்பதே என் நோக்கம்.

கரும்பு, ரப்பர், இரும்பு

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் நீளும் நிலப்பகுதியே செபராங் பிறை. பிரிட்டிஷ் ஆட்சியில் அதற்குப் புரோவின்ஸ் வெல்லஸ்லி என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது கரும்பு விளைந்த மண். பத்து காவான் பகுதியில் சீனர்கள் முதலில் கரும்பு பயிரிட்டனர். பின்னர் ஐரோப்பியர் பெருந்தோட்டங்களை அமைத்தனர். அத்தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழகத்திலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஒரு தலைமுறைக்கும் முன்பே தமிழர் கூட்டமாக வேரூன்றிய இடங்களுள் இது முதன்மையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பின் இடத்தை ரப்பர் பிடித்துக்கொண்டது. கலிடோனியா, விக்டோரியா, பைரம் போன்ற தோட்டப் பெயர்கள் இவ்விரு காலங்களையும் கடந்து நின்றவை. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது; கங்காணி முறை நிலைபெற்றது; 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்ததும் அதுவும் ஓய்ந்தது.

இதே கரையில் உலோகமும் நெடுங்காலமாக உருகிக்கொண்டிருந்தது. 1887இல் தோன்றிய ஸ்டிரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம், சிங்கப்பூரின் பிராணி தீவில் ஓர் ஈய உருக்காலையை நடத்திவந்தது. 1902இல் பட்டர்வொர்த்தில் இன்னொன்றைத் தொடங்கியது. பேராக்கின் ஈயத்தாது இரயிலேறி இங்கு வந்து, கட்டிகளாகக் கப்பலேறியது. எனவே, தோட்டத்து லயத்தில் பிறந்த குழந்தைக்கும் ஆலைப் புகைபோக்கி அந்நியக் காட்சியாக இருந்ததில்லை. ஆயினும் தோட்டத்துக்கும் ஆலைக்கும் இடையே இருந்த சில மைல் தொலைவை எங்கள் குடும்பம் கடக்க மூன்று தலைமுறை ஆயிற்று.

கடக்க வைத்தது ஆசையன்று, தோட்டத் துண்டாடல். நாடு விடுதலை பெறுவதற்குச் சற்று முன்னும் பின்னும் ஐரோப்பிய உரிமையாளர் பலர் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றனர். துண்டு நிலத்தை வாங்கியவருக்கு லயம் எதற்கு? ஆயாக் கொட்டகை எதற்கு? தமிழ்ப்பள்ளி எதற்கு? வேலையோடு வீடும் பள்ளியும் ஒரே நாளில் போகும் நிலை உருவாயிற்று. தொழிலாளரே பங்கு சேர்த்துத் தோட்டத்தை வாங்கிக் காப்பாற்றலாம் என்ற எண்ணத்தில் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். சங்கத்தின் கை எட்டாத தோட்டங்களும் பல இருந்தன. எங்கள் பாட்டி பால்வெட்டிய தோட்டம் அவற்றுள் ஒன்று.

மண்ணும் நெருப்பும்

வார்ப்படச் சாலையின் வேலை எத்தகையது என்பதை இன்றைய மாணவர்கள் அறிய வாய்ப்பில்லை. எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மரத்தால் ஒரு மாதிரி உருவம் செய்வார்கள். அதை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, சுற்றிலும் ஈரமணலைக் கொட்டி இடிப்பார்கள். அது வெறும் ஆற்றுமணலன்று. சிறிது களிமண்ணும் நிலக்கரித் தூளும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் பிசைந்த கருமணல். மாதிரியை மெல்ல எடுத்துவிட்டால் அதன் வடிவத்தில் ஒரு குழி எஞ்சும். அக்குழிக்குள் உருகிய இரும்பை ஊற்றி, ஆறிய பின் மணலை உடைத்தால் பொருள் கிடைக்கும். உள்ளே துளையுள்ள பொருளாயின், அத்துளையின் அளவுக்கு மணலால் ஓர் உள்ளச்சு செய்து, சூளையில் சுட்டு, குழியின் நடுவே நிறுத்த வேண்டும். அந்த மணல் உதிராமலிருக்க எண்ணெயோ சர்க்கரைப்பாகின் கழிவோ சேர்ப்பார்கள். எங்கள் அத்தை இருபது ஆண்டுக்கு மேல் செய்தது இந்த உள்ளச்சு வேலையைத்தான். உள்ளச்சு அறையில் பெரும்பாலும் பெண்களே இருந்தார்கள். நுட்பமான விரல் வேலை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. ஆண்களைவிடக் குறைந்த நாள்கூலி என்பதும் காரணம் என்று அத்தை சொல்வார்.

இரும்பை உருக்குவது குப்போலா என்னும் நெட்டை உலை. எஃகுத் தகட்டால் ஆன உருளை, உட்புறம் தீச்செங்கல். மேலிருந்து கல்கரி, இரும்புப் பாளம், பழைய இரும்பு, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை அடுக்கடுக்காகக் கொட்டுவார்கள். கீழிருந்து காற்று ஊதப்படும். சுண்ணாம்புக்கல் அழுக்கை ஈர்த்துக் கசடாக மிதக்கும். இரும்பு உருகி அடியில் தேங்கும். அடியிலுள்ள துளையைக் களிமண் உருண்டையால் அடைத்திருப்பார்கள். நேரம் வந்ததும் கம்பியால் குத்தித் திறப்பார்கள். ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெண்மஞ்சள் நிறத்தில் இரும்பு ஓடிவரும். இரண்டு பேர் தூக்கும் வாளியில் அதை ஏந்தி, ஒவ்வோர் அச்சாக ஊற்றிக்கொண்டே போவார்கள். ஊற்றுவதை நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் முன் ஊற்றியது இறுகி, பின் ஊற்றியதோடு சேராது, பொருள் வீண்.

சிறு ஆலைகளில் நாள்தோறும் உலை மூட்டுவதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் ஊற்று நாள். ஏனைய நாள்களில் அச்சு செய்வார்கள். ஊற்று நாளில் வீடு திரும்ப இரவாகும் என்பதால், அன்றைக்கு மட்டும் எங்கள் வீட்டில் இரண்டு பானை வெந்நீர் காயும். வாரத்தின் நாள்களை ஞாயிறு, திங்கள் என்று எண்ணாமல், மண் நாள், நெருப்பு நாள் என்று எண்ணி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

அந்த ஆலை என்ன வார்த்தது? சாக்கடை மூடிகள், தண்ணீர்ப் பம்புகளின் உறைகள், இயந்திரச் சக்கரங்கள். அவற்றோடு, ரப்பர்த் தகடு பிழியும் உருளைகளும். தோட்டத்து ஸ்டோரில் உறைந்த பாலைத் தகடாக்கும் இயந்திரத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய இரும்பு உருளைகள் இருக்கும். தேய்ந்த உருளைக்கு மாற்று உருளை வார்த்துத் தருவது அக்காலப் பட்டறைகளுக்கு வழக்கமான வேலை. தாய் வெட்டிய பாலைப் பிழிந்த உருளையின் மாற்றை மகன் வார்த்தான் என்று சொன்னால் கதைபோலத் தோன்றும். ஆனால் மலாயாவின் வார்ப்படத் தொழிலே தோட்டத்தையும் ஈயச் சுரங்கத்தையும் நம்பி வளர்ந்ததுதான். தோட்டத்தை விட்டு வந்தவர்கள் தோட்டப் பொருளாதாரத்தை விட்டு வந்துவிடவில்லை; அதன் இன்னொரு முனையில் போய் நின்றார்கள்.

ரப்பர் மரம் உருக்கிய இரும்பு

இதே உண்மையை இதைவிடப் பெரிய அளவில் காட்டுவது பிறையில் எழுந்த மலாயவாத்தா எஃகாலை. ஜப்பானின் யவாத்தா எஃகு நிறுவனத்தோடு கூட்டாக அமைக்கப்பட்டு, 1967இல் அது இயங்கத் தொடங்கியது. தாதிலிருந்து தொடங்கி எஃகுக் கம்பி வரை ஒரே இடத்தில் உற்பத்தி செய்த ஆலை என்ற வகையில் தென்கிழக்காசியாவில் அது முன்னோடி.

தாதிலிருந்து இரும்பைப் பிரிக்கக் கரிமம் வேண்டும். உலகின் பெரும்பாலான நாடுகள் அதற்குக் கல்கரியைப் பயன்படுத்தின. கல்கரி செய்வதற்கு ஏற்ற நிலக்கரி மலாயாவில் இல்லை. இருந்த பெரிய சுரங்கமான பத்து ஆராங்கும் 1960இல் மூடப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றாக இந்நாட்டில் மலைபோல் கிடைத்தது எது? முதிர்ந்த ரப்பர் மரம். இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்தபின் மரத்தை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நடவேண்டும். 1950களில் தொடங்கிய மறுநடவுத் திட்டங்களால் பல இலட்சம் மரங்கள் சாய்ந்துகொண்டிருந்தன. வெட்டிய ரப்பர் மரம் சில வாரங்களிலேயே பூஞ்சையும் வண்டும் பிடித்துக் கெடும். அன்று அதை மேசை நாற்காலிக்குப் பயன்படுத்தும் பக்குவமுறை பரவலாகவில்லை. விறகாகவே போயிற்று. அந்த மரத்தைச் சூளையில் மூட்டம் போட்டுக் கரியாக்கி, அக்கரியால் பிறையில் இரும்பு உருக்கினார்கள்.

கரி கல்கரியைப்போல் வலுவுடையதன்று. மேலே குவியும் சுமையில் நொறுங்கிவிடும். எனவே உலையை மிக உயரமாகக் கட்ட இயலாது. மாறாக, கரியில் கந்தகம் மிகக் குறைவு. ஆகவே இரும்பு தூய்மையாக வரும். இது தொழில்நுட்பச் செய்தி. வரலாற்று மாணவர் இதில் காணவேண்டியது வேறொன்றும் உண்டு. எந்த மரத்தைத் தமிழ்த் தொழிலாளி நட்டு, களையெடுத்து, விடியுமுன் எழுந்து சீவினாரோ, அதே மரம் பால் வற்றியபின் கரியாகி, விடுதலை பெற்ற நாட்டின் பாலங்களுக்கும் அடுக்ககங்களுக்கும் கம்பி கொடுத்தது. மலேசியாவின் தொழில்மயத்தைப் பற்றி எழுதுவோர் அதைத் தோட்டக் காலத்துக்குப் பின் வந்த புதிய அத்தியாயமாக எழுதுவர். அந்த அத்தியாயத்தின் அடுப்பில் எரிந்தது பழைய அத்தியாயத்தின் மரம் என்பதை நாம் சேர்த்து எழுதவேண்டும்.

நினைவை எவ்வாறு சோதிப்பது?

குடும்ப நினைவு வரலாற்றுச் சான்றாகுமா என்று மாணவர் கேட்கலாம். நினைவு தவறும், மிகைப்படும், இரண்டு பேர் சொல்வது முரண்படும். ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன்.

தந்தையார் வேலையில் சேர்ந்த காலத்தைப் பற்றி வீட்டில் இருவேறு கூற்றுகள் உண்டு. பழைய வெள்ளி செல்லாமற்போன மாதத்தில் சேர்ந்ததாக அவர் சொல்வார். அதற்கு முன்பே சேர்ந்துவிட்டதாகவும், முதற் சம்பளத்தில் தீபாவளிக்குத் தமக்குச் சேலை எடுத்துத் தந்ததாகவும் அத்தை சொல்வார். ஆவணங்கள் என்ன சொல்கின்றன? 1967 ஜூனில் மலேசியா புதிய நாணயத்தை வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் பவுண்டின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது, புழக்கத்தில் இருந்த பழைய தாள்களின் மதிப்பும் 15 விழுக்காடு சரிந்தது. ஒரு பழைய வெள்ளி 85 காசானது. ஏழைகளின் சேமிப்பு பெரும்பாலும் பழைய தாளில் இருந்ததால் சினம் மூண்டது. நவம்பர் 24ஆம் நாள் பினாங்கில் கடையடைப்பு அறிவிக்கப்பட்டு, கலவரமாக மாறியது. அவ்வாண்டுத் தீபாவளியோ நவம்பர் மாதத் தொடக்கத்தில் வந்தது.

இப்போது இரண்டு கூற்றுகளையும் அருகருகே வைப்போம். பழைய வெள்ளி செல்லாமற்போகவில்லை, மதிப்புதான் குறைந்தது. தந்தையாரின் தகரப்பெட்டியில் அப்போது 40 வெள்ளி இருந்தது; அது 34 வெள்ளியாயிற்று. சேலை வாங்கிய மிச்சமே அந்த நாற்பது. ஆகவே அவர் அக்டோபருக்குள் வேலையில் இருந்திருக்க வேண்டும். அத்தையின் கணக்கே நாளுக்கு நெருக்கமானது. அதற்காகத் தந்தையாரின் கூற்றைத் தள்ளிவிடலாமா? தள்ளலாகாது. வேலைக்குப் போன நாளை அவர் மறந்துவிட்டார். தாம் ஈட்டிய பணம் தம் கைக்குள்ளேயே சுருங்கிய நாளை மறக்கவில்லை. நாள்களைச் சோதிக்க ஆவணம் உதவும். ஒரு நிகழ்ச்சி அதை அனுபவித்தவருக்கு என்ன பொருள் தந்தது என்பதை நினைவே சொல்லும். இரண்டும் வேண்டும்.

காயமும் உரிமையும்

அச்சு மணலில் ஈரம் மிகுந்தால் ஆபத்து. உருகிய இரும்பு பட்டதும் ஈரம் நொடியில் ஆவியாகி விரியும். ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் இரும்பைத் தெறிக்கச் செய்யும். இதற்காகவே அச்சில் கம்பியால் நுண்துளைகள் இடுவார்கள். மணலின் ஈரத்தை அளக்கும் கருவி அந்த ஆலையில் இருந்ததில்லை. மூத்த தொழிலாளி ஒரு பிடி எடுத்து அழுத்திப் பார்த்துப் பதம் சொல்வார். 1970ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் அப்பதம் தப்பியது. தெறித்த இரும்பு தந்தையாரின் வலப்பாதத்தில் விழுந்தது. அன்று அவர் அணிந்திருந்தது ரப்பர்ச் செருப்பு. ஏழு வாரம் வீட்டில் இருந்தார். பாதத்தின் தழும்பு இன்றும் ஒரு காசளவுக்குக் குழிந்திருக்கிறது.

அந்த ஏழு வாரமும் தௌக்கே பாதிச் சம்பளம் கொடுத்தார் என்றும், மருத்துவச் செலவைத் தாமே ஏற்றார் என்றும், அது அவருடைய பெருந்தன்மை என்றும் எங்கள் வீட்டில் நன்றியோடு சொல்லப்பட்டது. அந்த நன்றியை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். வேலையில் காயமுற்ற தொழிலாளிக்கு இழப்பீடு தரவேண்டும் என்ற சட்டம் 1952ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இருந்தது. தொழிற்சாலைகள், இயந்திரங்கள் பற்றிய பாதுகாப்புச் சட்டம் 1967இல் இயற்றப்பட்டது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969இல் நிறைவேறி, சொக்சோ என்று நாம் அழைக்கும் அமைப்பு 1971இல் பணியைத் தொடங்கியது. எங்கள் குடும்பம் கொடையாக நினைவில் வைத்திருந்ததில் ஒரு பகுதி, சட்டப்படி உரிமை. இவை உரிமைகள் என்று அவ்வாலையில் யாரும் யாருக்கும் எடுத்துச் சொன்னதில்லை; சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது, உலை தமிழிலும் ஹொக்கியனிலும் மலாயிலும் பேசியது.

நினைவைச் சேகரிக்கும் ஆசிரியர் இங்குக் கவனமாக இருக்கவேண்டும். மூத்தோர் காட்டும் நன்றியைக் கேலி செய்யலாகாது. அதை அப்படியே வரலாறாக எழுதிவிடவும் கூடாது. அந்த நன்றியின் பக்கத்தில் சட்டத்தின் ஆண்டையும் எழுதினால் போதும். படிப்பவர் புரிந்துகொள்வார்.

தெறித்த இரும்பைவிடக் கொடியது தூசி. ஆறிய வார்ப்பை உடைத்துச் சுரண்டும்போது எழும் நுண்மணல் நுரையீரலில் தங்கிவிடும். அது காயத்தைப்போல் ஒருநாளில் நிகழ்வதில்லை. ஆகவே எவருடைய கதையிலும் அதற்கு ஒரு நாள் இல்லை. முதுமையில் அவர்களுக்கு இருமல் வந்தது, புகைப்பழக்கத்தால் என்றார்கள். கதையாக முடியாத துன்பம் நினைவிலிருந்து எளிதில் நழுவிவிடும் என்பதற்கு இது சான்று.

ஒரே வீட்டில் இரண்டு அட்டைகள்

அத்தையின் கணவரை நாங்கள் மாமா என்போம். மணலின் பதம் அறிந்த மூத்த தொழிலாளி அவர்தாம். தந்தையாரை ஆலைக்கு அழைத்துச் சென்றவரும் அவரே. தந்தையாருக்குக் காயம் நேர்ந்த அந்த மழைக்காலத்தில் மாமா ஆலையில் இல்லை. சில மாதங்களுக்கு முன் அவர் கப்பலேறிவிட்டார்.

இதற்கான காரணம் குடியுரிமை வரலாற்றில் இருக்கிறது. 1948இல் மலாயாக் கூட்டரசு உருவானபோது, பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து இங்கேயே நிலையாக வாழ்ந்த பிரிட்டிஷ் குடிகள் தாமாகவே குடிமக்களாயினர். புரோவின்ஸ் வெல்லஸ்லியில் பிறந்த என் அத்தைக்கும் தந்தையாருக்கும் இவ்வாறு உரிமை கிட்டியது. மாமா தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, 1937இல் கைக்குழந்தையாகக் கெடாவில் கூலிம் அருகேயுள்ள ஒரு தோட்டத்துக்கு வந்தவர். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, நீண்டகாலம் வாழ்ந்தோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி திறந்தது; முதல் ஓராண்டுக்கு மலாய்மொழித் தேர்வும் தளர்த்தப்பட்டது. தொழிற்சங்கத்தாரும் கட்சியினரும் தோட்டந்தோறும் சென்று படிவம் நிரப்பித் தந்தனர். அவர்கள் செல்லாத தோட்டங்களும் இருந்தன. ஒரு நாள் கூலியை இழந்து பட்டணம் போய் வர இயலாதவர்களும் இருந்தனர். மாமாவிடம் எஞ்சியது சிவப்பு அடையாள அட்டை.

பத்தாண்டுக்கும் மேலாக அவ்வட்டையின் நிறத்தால் அவருக்குத் தொல்லையில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிலைமையை மாற்றியது. குடிமக்கள் அல்லாதார் வேலை செய்யத் தனி அனுமதி பெறவேண்டும் என்றாயிற்று. அந்த அனுமதி கால வரையறைக்குட்பட்டது, குறிப்பிட்ட வேலைக்கு மட்டுமே உரியது. 1969, 1970ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் தமிழர் இந்நாட்டை விட்டு வெளியேறினர். மாமாவுக்கும் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. நாகப்பட்டினம், சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் என்று பலகாலம் ஓடிய ரஜூலா கப்பலில், 1970இல் அவர் பினாங்குத் துறையிலிருந்து புறப்பட்டார். நினைவு தெரிந்த நாள்முதல் அவர் காணாத ஊர் அவருடைய சொந்த ஊராயிற்று. நீலநிற அட்டை வைத்திருந்த அத்தை, இங்குப் பிறந்த மூன்று பிள்ளைகளோடு இங்கேயே நின்றார். ஓரிரு ஆண்டில் சேர்ந்துவிடலாம் என்று எண்ணினார்கள். 1981இல் மாமா அங்கே காலமானார். இடையே ஒருமுறைகூட இருவரும் சந்திக்கவில்லை.

அவர் அனுப்பிய நீலநிற வான்மடல்கள் பதினொன்று அத்தையிடம் உள்ளன. எங்கள் குடும்பத்தின் ஆவணக் காப்பகம் அவ்வளவுதான். அவற்றோடு சில சம்பளச் சீட்டுகளும் ஒரு நிழற்படமும் சேரும். மடல்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மழையைப் பற்றி எழுதியிருக்கிறார். மைத்துனரின் காயத்தைக் கேள்விப்பட்ட பின் எழுதிய மடலில், இப்போது மணலை யார் பிசைகிறார்கள், களிமண் எங்கிருந்து வருகிறது, மழைநாளில் மணலை மூடி வைக்கிறார்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டிருக்கிறார். ஒரு சட்டம் ஓர் ஆலையிலிருந்து எதை எடுத்துச் சென்றது என்பதை அந்த மடலைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணத்தை நான் இதுவரை படித்ததில்லை. இருபதாண்டு விரல்களில் ஏறிய அறிவுக்கு வேலை அனுமதிப் படிவத்தில் கட்டம் இருந்ததில்லை.

உலையடியில் வழங்கிய தமிழ்

இவ்வுரைத் தொடர் மொழிக்குரியது. ஆகவே சொற்களைப் பற்றியும் சில கூறவேண்டும்.

அவ்வாலையில் கலைச்சொற்களை யாரும் கற்பிக்கவில்லை. தொழிலாளர் தமக்குத் தெரிந்த மொழியிலிருந்து எடுத்துக்கொண்டனர். உருகிய இரும்பைப் பால் என்றனர். உலைத்துளையைத் திறப்பது பால் திறப்பது. காலையில் ஆள் கணக்கெடுப்பது பிரட்டு. அச்சில் நுண்துளை இடுவது மூச்சு விடுவது. துளை போதாமல் வார்ப்பில் குமிழி விழுந்தால், மண்ணுக்கு மூச்சு முட்டிவிட்டது என்பர். தோட்டத்தின் சொற்கள் ஆலைக்குள் வந்து புதுப்பொருள் பெற்றதை இங்குக் காண்கிறோம். பழைய இரும்பு மலாயிலிருந்து பெசி புரூக்காகவே வந்தது. தலைமை அச்சுக்காரரான சீனரை அனைவரும் ஹொக்கியன் வழக்கில் சைஹூ என்று அழைத்தனர். மாமாவை மட்டும் அந்தச் சைஹூ தமிழிலேயே அண்ணே என்று அழைத்தாராம்.

நாம் கலைச்சொல் அகராதிகளில் வார்ப்பு, அச்சு, கசடு என்று நல்ல சொற்களைத் தொகுத்துள்ளோம், அவை தேவை. ஆயினும், பள்ளிக்கூடத்தை ஆறாம் ஆண்டோடு விட்டவர்கள் நெருப்பின் முன் நின்று ஆக்கிய சொற்களும் தமிழின் செல்வமே. மூச்சு விடுதல் என்ற சொல் அத்தொழிலின் செயலை விளக்குவதோடு, தவறினால் நேரும் ஆபத்தையும் எச்சரிக்கிறது. அச்சொற்களைக் குறித்து வைத்தவர் யார்? ஆலை மூடியதும் அவை பேச இடமின்றி நின்றன. பேசுவோர் மறைந்ததும் அவையும் மறையும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்

இனி, செய்யத்தக்கது என்ன என்பதைச் சுருக்கமாகக் கூறி முடிக்கிறேன்.

உங்கள் வகுப்பில் முப்பது மாணவர் இருந்தால், அவர்களுள் சிலருடைய தாத்தாவோ பாட்டியோ ஆலையில் உழைத்திருப்பர். ஈய உருக்காலை, எஃகாலை, வார்ப்படச் சாலை, இரயில்வே பட்டறை என எதுவாகவும் இருக்கலாம். அவர்களிடம் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்டால், கஷ்டப்பட்டோம் என்ற ஒரு சொல்லோடு பேச்சு நின்றுவிடும். பொருளைக் கேளுங்கள். கையில் என்ன கருவி இருந்தது? காலில் என்ன அணிந்தீர்கள்? சோற்றை எங்கே உட்கார்ந்து உண்டீர்கள்? பக்கத்தில் நின்றவர் யார், அவரோடு எந்த மொழியில் பேசினீர்கள்? முதற் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? இத்தகைய கேள்விகளுக்கு முதியோரின் கைகளே முதலில் விடை சொல்லத் தொடங்கும். என் தந்தையார் மணலின் பதத்தை விளக்கும்போது, வெறுங்கையை மூடித் திறந்து காட்டுவார். அந்தச் சைகையையும் எழுதி வையுங்கள்.

பின்னர் ஆண்டுகளைச் சரிபாருங்கள். நாணயம் மாறிய ஆண்டு, சட்டம் வந்த ஆண்டு, தோட்டம் விற்கப்பட்ட ஆண்டு ஆகியவற்றை நூலகத்தில் தேடி, நினைவின் அருகே எழுதுங்கள். முரண் தோன்றினால் அஞ்சவேண்டா. அங்கேதான் வரலாறு தொடங்குகிறது. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, மடல், தொழிற்சங்க ரசீது என வீட்டில் கிடப்பவற்றைப் படமெடுத்து வையுங்கள். குடும்பத்தார் இசைவின்றி எதையும் வெளியிடவேண்டா.

பிறைக் கரையில் இன்றும் எஃகு உருகுகிறது. ஆனால் ரப்பர்க் கரியில் அன்று. வார்ப்படச் சாலை இருந்த இடத்தில் இப்போது சரக்கு லாரிகள் நிற்கின்றன. சாலையோரச் சாக்கடை மூடிகளில் சில மட்டும் அந்தக் காலத்தவை. அவற்றில் வார்த்தவர் பெயர் இருப்பதில்லை. அப்பெயர்களை அறிந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் அவர்கள் அருகில் அமர்ந்து கேளுங்கள்.